அணையா அடுப்பு மூட்டிய வள்ளலார் காட்டிய வேலிக் கீரை!

அந்தச் சிறுவனுக்கு வீட்டில் சோறு கிடையாது.

அண்ணன் போட்ட கட்டளை அப்படி. ஒழுங்காகப் படிக்காத பிள்ளைக்குச் சோறு போடக் கூடாது என்று மனைவியிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

சிறுவனுக்குப் பாடத்தில் மனம் செல்லவில்லை. கந்தகோட்டமே கதி என்று இருந்தான். முருகன் சந்நிதியில் நின்று பாடிக்கொண்டிருப்பான். பசி எடுக்கும். எங்கே போவது?

அண்ணியாருக்கு மனம் கேட்கவில்லை. கணவர் வெளியே போகும் நேரம் பார்ப்பார். சிறுவனைப் பின்வாசல் வழியாக அழைப்பார். கணவருக்குத் தெரியாமல் சோறு போடுவார்.

ஒரு நாள் வீட்டில் தந்தையின் திதி வந்தது. வந்தவர்கள் எல்லாரும் இலை போட்டுச் சாப்பிட்டார்கள். அந்த வீட்டுப் பிள்ளை மட்டும் பந்தியில் இல்லை. எல்லாரும் போன பிறகு அவன் பின்பக்கமாக வந்தான். அண்ணியார் அவனுக்குச் சோறு போட்டார். போடும்போதே அவர் கண்களில் நீர் வழிந்தது. வீட்டோடு இருந்து படித்தால் எல்லாரோடும் உட்கார்ந்து சாப்பிடலாமே என்று கெஞ்சினார்.

அந்தக் கண்ணீர் சிறுவனின் நெஞ்சைத் தொட்டது. வீட்டுக்கு வருவதாக ஒப்புக்கொண்டான். தனக்கு மாடியில் ஓர் அறை மட்டும் வேண்டும் என்று கேட்டான்.

அந்தச் சிறுவன் யார்?

அவரே இராமலிங்க அடிகள். உலகம் வள்ளலார் என்று போற்றுகிறதே, அந்த மகான்தான்!

வீட்டின் பின்வாசலில் சோறு உண்ட அந்தப் பிள்ளை, பிற்காலத்தில் ஊருக்கெல்லாம் முன்வாசலில் சோறு போட்டார். அந்தக் கதை பலருக்குத் தெரியும். ஆனால் அவர் இன்னொன்றும் செய்தார். வேலி ஓரத்தில் யாரும் நட்டு வளர்க்காமல் தானே முளைக்கும் கீரைகளைக் காட்டி, இவற்றைச் சமைத்து உண்ணுங்கள் என்று சொல்லிக் கொடுத்தார். அதைத்தான் இன்று பலரும் மறந்துவிட்டோம்.

சென்னையில் வளர்ந்த பிள்ளை

வள்ளலார் பிறந்தது சிதம்பரத்துக்கு அருகில் உள்ள மருதூரில். நாள்: 1823 அக்டோபர் 5.

தந்தை இராமையா பிள்ளை. தாய் சின்னம்மையார். வீட்டில் ஐந்தாவது குழந்தை அவர். கைக்குழந்தையாக இருக்கும்போதே தந்தை இறந்துவிட்டார்.

ஐந்து குழந்தைகளோடு ஒரு விதவைத் தாய் என்ன செய்வார்? பிறந்த வீட்டைத்தான் நாடினார். அவர் பிறந்த ஊர் பொன்னேரிக்கு அருகில் உள்ள சின்னக்காவணம். அங்கே சிறிது காலம் இருந்தார்கள். பிறகு சென்னைக்குக் குடிவந்தார்கள். ஏழுகிணறுப் பகுதியில் வீராசாமிப் பிள்ளை தெருவில் வீடு.

மூத்த அண்ணன் சபாபதி புராணச் சொற்பொழிவு செய்து குடும்பத்தைக் காப்பாற்றினார். தம்பியும் தன்னைப்போல் புலவனாக வேண்டும் என்பது அவர் ஆசை. அந்த ஆசையே கோபமாக மாறியது. கோபமே சோற்றை நிறுத்தியது.

ஆனால் தம்பி ஆசிரியரிடம் கற்க வேண்டிய பிள்ளையாக இல்லை. பாட்டு அவரிடம் தானாகவே ஊறியது. அண்ணனுக்கு உடம்பு சரியில்லாத ஒரு நாளில், அவருக்குப் பதிலாகச் சின்னத் தம்பி சொற்பொழிவு செய்யப் போனார். கேட்டவர்கள் வியந்து போனார்கள். அதன் பிறகு அண்ணனும் தம்பியின் அருமையை உணர்ந்தார்.

ஊர்ப் பெயரே செடியின் பெயர்!

சென்னையின் மேற்குப் பக்கத்தில் இருப்பவர்களுக்கு வள்ளலார் அயலார் அல்லர்.

தேவாரம் பெற்ற ஊர்களை எல்லாம் வரிசையாகச் சொல்லி அவர் ஒரு நீண்ட பாட்டுப் பாடினார். விண்ணப்பக் கலிவெண்பா என்பது அதன் பெயர். பாடியில் உள்ள திருவலிதாயம் அதில் வருகிறது. திருமுல்லைவாயிலும் வருகிறது. திருவேற்காடும் வருகிறது. திருமுல்லைவாயில் மாசிலாமணி ஈசுவரர் மீது தனியாகவும் அவர் பாடியிருக்கிறார்.

இந்தப் பகுதியின் ஊர்ப் பெயர்களைச் சற்று எண்ணிப் பாருங்கள். திருமுல்லைவாயில் என்றால் முல்லைக் கொடி நினைவுக்கு வரும். தொண்டைமானின் யானை முல்லைக் கொடியில் சிக்கிக்கொண்டது என்பது அந்தக் கோவிலின் கதை. திருவேற்காடு வேல மரக் காடு. பூந்தமல்லி என்று நாம் சொல்லும் பூவிருந்தவல்லியில் பூவும் கொடியும் இருக்கின்றன.

ஏரியும் வயலும் வேலியுமாக இருந்த நாடு இது. ஏரியின் ஈரக் கரையில் கரிசலாங்கண்ணியும் பொன்னாங்கண்ணியும் முளைக்கும். முள்வேலியில் தூதுவளை படரும். அதன் மேல் முசுமுசுக்கைக் கொடி ஏறும். இவற்றை யாரும் விதைத்ததில்லை. யாரும் தண்ணீர் ஊற்றியதும் இல்லை.

காலையில் கூடையோடு போகும் பெண், வேலி ஓரமாக நடந்தே ஒரு வேளைக் குழம்புக்கு வேண்டியதைப் பறித்து வந்துவிடுவாள். கையில் காசு இல்லாத நாளிலும் வீட்டில் கீரை வெந்தது.

வடலூரில் எரிந்த அடுப்பு

1858-ம் ஆண்டு வாக்கில் வள்ளலார் சென்னையை விட்டுப் புறப்பட்டார். சிதம்பரத்தைத் தரிசித்தார். பிறகு வடலூருக்கு அருகில் உள்ள கருங்குழி என்ற கிராமத்தில் வேங்கட ரெட்டியார் வீட்டில் தங்கினார்.

வெள்ளை வேட்டி, உடம்பையும் தலையையும் மூடிய வெள்ளைத் துணி. அவ்வளவுதான் அவர் உடை. காவி கட்டவில்லை.

கிராமத்தில் அவர் கண்டது என்ன? மழை பொய்த்தால் பயிர் வாடும். பயிர் வாடினால் குடியானவன் வாடுவான். 1866-ல் ஒரிசாவைப் பெரும் பஞ்சம் வாட்டியது. சென்னை மாகாணத்தின் கிழக்குக் கரையிலும் அதன் கொடுமை தெரிந்தது.

அதற்கு அடுத்த ஆண்டு வள்ளலார் ஒரு முடிவு செய்தார்.

பார்வதிபுரம் என்ற ஊர் மக்களிடம் நிலம் கேட்டார். அவர்கள் 80 காணி நிலத்தை மனமுவந்து எழுதிக் கொடுத்தார்கள். அங்கே 1867 மே 23-ம் நாள் சத்திய தருமச்சாலை திறக்கப்பட்டது. 21 அடி நீளமுள்ள அடுப்பு மூட்டப்பட்டது.

யார் வந்தாலும் சோறு. சாதி கேட்கக் கூடாது. மதம் கேட்கக் கூடாது. எந்த ஊர், என்ன தொழில் என்றும் கேட்கக் கூடாது. பசிக்கிறதா என்பது ஒன்றே கேள்வி.

அன்று மூட்டிய அடுப்பு அணையக் கூடாது என்று சொன்னார். 150 ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. அந்த நெருப்பு இன்றும் எரிகிறது. இன்றும் அங்கே சோறு போடுகிறார்கள்.

வீட்டு அடுப்புக்கும் வழி சொன்னார்

தருமச்சாலை வடலூரில் இருக்கிறது. எல்லா ஏழைகளும் வடலூருக்கு வர முடியுமா? முடியாது. அவரவர் வீட்டில் அவரவர் உடம்பைக் காப்பாற்றிக்கொள்ளவும் வழி வேண்டும் அல்லவா?

அதற்காகவும் அவர் எழுதி வைத்தார். காலையில் எழுவது முதல் இரவு படுப்பது வரை ஒருவர் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று ஒரு முறை வகுத்தார். அதற்கு நித்திய கரும விதி என்று பெயர். அதில் கீரைக்குத் தனி இடம் உண்டு.

கரிசலாங்கண்ணி, தூதுவளை, முன்னை, பசலை, முருங்கை ஆகிய ஐந்து கீரைகளையும் அவர் பெயர் சொல்லிக் குறிக்கிறார். பருப்போடு சேர்த்துச் சமைக்கலாம். மிளகு போட்டுச் சமைக்கலாம். புளி விட்டும் சமைக்கலாம். தனியாகவும் சமைக்கலாம். மற்றக் கீரைகளை எப்போதாவது சிறிது சேர்த்தால் போதும் என்பது அவர் கருத்து. சமையலில் மிளகு மிகுதியாக இருக்கட்டும், புளி குறைவாக இருக்கட்டும் என்றும் சொல்கிறார்.

கரிசலாங்கண்ணியை அவர் மிக உயர்வாக மதித்தார். தூதுவளை, முசுமுசுக்கை, சீரகம் ஆகியவற்றையும் அதோடு சேர்த்துச் சொன்னார். 400-க்கும் மேற்பட்ட மூலிகைகளின் பெயரையும் குணத்தையும் காட்டும் அட்டவணை ஒன்றும் அவர் பெயரால் இருக்கிறது.

இந்த ஐந்து கீரைகளையும் மறுபடி பாருங்கள். கரிசலாங்கண்ணி வரப்பில் முளைப்பது. தூதுவளை வேலியில் படர்வது. முன்னை புதர் ஓரத்தில் நிற்பது. பசலை பந்தலில் ஏறுவது. முருங்கை கொல்லையில் நிற்பது. பணக்காரர் மட்டும் வாங்கக் கூடிய பொருள் இதில் ஒன்றுகூட இல்லை!

வள்ளலார் உயிர்க்கொலையை வெறுத்தவர். செடியும் உயிர்தானே, இலையைப் பறிக்கலாமா என்று கேட்பவர்களுக்கும் அவர் விடை சொன்னார். இலை, காய், கனி ஆகியவற்றை எடுப்பதால் செடியின் உயிர் போவதில்லை. நாம் நகத்தையும் முடியையும் வெட்டுவது போன்றது அது என்று விளக்கினார்.

கீரை பறிக்கும் கிராமத்துப் பெண்களின் வழக்கமும் இதற்குப் பொருத்தமாகவே இருக்கிறது. அவர்கள் தூதுவளையை வேரோடு பிடுங்க மாட்டார்கள். கொழுந்தைக் கிள்ளுவார்கள். மறுபடி தளிர் விடும்.

கசப்பைப் போக்கும் கைப்பக்குவம்

தானாக முளைக்கும் உணவு சும்மா கிடைக்கும். ஆனால் அப்படியே வாயில் போட முடியாது. ஒன்றில் முள் இருக்கும். ஒன்றில் கசப்பு இருக்கும். ஒன்றில் சுணை இருக்கும். அதைப் போக்கும் பக்குவம் தெரிய வேண்டும்.

இது உலகம் முழுவதற்கும் பொதுவான பாடம்.

கொரியா நாட்டில் ஓக் என்ற மரம் உண்டு. அதன் கொட்டைகள் காட்டில் உதிர்ந்து கிடக்கும். மிகவும் துவர்க்கும். அங்குள்ள மக்கள் அதைப் பொறுக்கி வருவார்கள். ஓட்டை நீக்கி அரைப்பார்கள். தண்ணீரில் ஊறவைத்து, தண்ணீரை மாற்றி மாற்றித் துவர்ப்பைப் போக்குவார்கள். அடியில் தங்கும் மாவைக் களி போல் கிண்டுவார்கள். ஆறியதும் அது கட்டியாகிவிடும். துண்டு போட்டுச் சாப்பிடுவார்கள். அமெரிக்காவில் கலிபோர்னியாவின் பழங்குடி மக்களுக்கு இந்தக் கொட்டை முக்கிய உணவாகவே இருந்தது.

நம் நாட்டிலும் மாங்கொட்டைப் பருப்பை இப்படி ஊறவைத்து, துவர்ப்பு நீக்கி, கஞ்சி காய்ச்சிக் குடித்தவர்கள் உண்டு.

ஏழை வீட்டுப் பெண்கள் எந்த நாட்டிலும் இந்த வித்தையைக் கற்றிருந்தார்கள். நம் வேலிக் கீரைக்கும் அப்படி ஒரு வித்தை இருக்கிறது. அதை இங்கே தருகிறோம்.

கரிசலாங்கண்ணிக் கூட்டு: இதில் மஞ்சள் பூ பூப்பதும் உண்டு, வெள்ளைப் பூ பூப்பதும் உண்டு. சமையலுக்குப் பெரும்பாலும் மஞ்சள் பூ வகையையே எடுப்பார்கள். இளம் இலையாகப் பார்த்துக் கிள்ளுங்கள். ஈர மண்ணில் வளர்வதால் சேறு ஒட்டியிருக்கும். மூன்று நான்கு முறை கழுவுங்கள். பொடியாக நறுக்குங்கள். பாசிப்பருப்பைப் பாதி வேகவைத்து, அதில் கீரையைப் போடுங்கள். வெந்ததும் உப்பு, பொடித்த மிளகு, சீரகம் சேருங்கள். பருப்பு கீரையின் கசப்பைத் தணித்துவிடும்.

தூதுவளைத் துவையல்: இதன் தண்டில் முள். இலையின் முதுகு நரம்பிலும் முள்! கத்தரிக்கோலால் முள்ளை நறுக்கி எடுங்கள். சிறு குழந்தை சாப்பிடுவதாக இருந்தால் இரண்டு முறை பாருங்கள். உளுத்தம்பருப்பையும் மிளகையும் வறுத்துக்கொள்ளுங்கள். இலையை நெய்யிலோ எண்ணெயிலோ நன்றாக வதக்குங்கள். துளி புளியும் உப்பும் வைத்து அரையுங்கள். சுடுசோற்றில் பிசைந்து சாப்பிடலாம்.

முசுமுசுக்கை அடை: இந்த இலையைத் தொட்டால் சொரசொரப்பாக இருக்கும். அதற்காக ஒதுக்கிவிடாதீர்கள். ஊறிய புழுங்கல் அரிசியோடு ஒரு கைப்பிடி இலையும், மிளகும், சீரகமும் வைத்து அரையுங்கள். அடையாகத் தட்டி வேகவிடுங்கள். அரைத்த பிறகு சொரசொரப்பு நாக்கில் தெரியாது.

தாது வருஷம்

1870-ல் வள்ளலார் மேட்டுக்குப்பத்துக்குப் போனார். அங்கே அவர் இருந்த இடத்துக்குச் சித்திவளாகம் என்று பெயர். 1872 ஜனவரியில் வடலூர் சத்திய ஞானசபையில் முதல் வழிபாடு நடந்தது. 1874 ஜனவரி 30-ம் நாள் இரவு, சித்திவளாகத்தில் ஓர் அறைக்குள் சென்று கதவைச் சாத்திக்கொண்டார். அதன் பிறகு அவரை யாரும் காணவில்லை. அவர் சோதியில் கலந்தார் என்று அன்பர்கள் போற்றுகிறார்கள்.

அவர் மறைந்து இரண்டே ஆண்டுகள். 1876-ல் தாது வருஷம் பிறந்தது. தமிழ்நாட்டுக் கிழவிகள் பல தலைமுறைகளாக நடுங்கிப் பேசிய பஞ்சம் அது. 1878 வரை நீடித்தது. சென்னை மாகாணத்தில் லட்சக்கணக்கான மக்கள் மாண்டார்கள். வயல் காய்ந்தது. வேலியும் காய்ந்தது. அந்த நாளில் இலையும் கிழங்கும் தேடி அலைந்தவர்கள் எத்தனையோ பேர்.

பெரும் பஞ்சத்தை வேலிக் கீரையால் மட்டும் வெல்ல முடியாது. வள்ளலாருக்கு அது தெரியும். அதனால்தான் ஊருக்கு ஓர் அடுப்பு வேண்டும் என்றார். ஊரார் நிலம் கொடுக்க வேண்டும், அரிசி கொடுக்க வேண்டும், பசித்தவரை வாசலில் நிறுத்தாமல் உள்ளே அழைக்க வேண்டும் என்றார். ஊரின் அடுப்பும் வீட்டின் அறிவும் சேர்ந்தால்தான் பசி போகும்.

இன்று வேலி எங்கே?

1960-களில் அம்பத்தூரில் தொழிற்பேட்டை வந்தது. ஆவடியில் ராணுவ டாங்கித் தொழிற்சாலை வந்தது. பல குடும்பங்களுக்கு வேலை கிடைத்தது. வீடுகள் பெருகின. வேலி இருந்த இடத்தில் மதில் சுவர் எழுந்தது. வயல் இருந்த இடத்தில் மாடி வீடு நிற்கிறது.

வேலி போனதோடு கீரையின் பெயரும் போய்விட்டது. தூதுவளையைக் காட்டினால் முள்செடி என்று சொல்லும் பிள்ளைகள் இருக்கிறார்கள். பாட்டிக்குத் தெரியும். அம்மாவுக்குப் பாதி தெரியும். மகளுக்குத் தெரியாது. இன்னும் ஒரு தலைமுறை போனால் யாரிடம் கேட்பது?

ஆனால் ஓர் எச்சரிக்கையும் உண்டு.

கழிவுநீர் கலக்கும் ஏரிக்கரையில் கீரை பறிக்காதீர்கள். சாலை ஓரத்திலும், தொழிற்சாலைச் சுவர் ஓரத்திலும், மருந்து தெளித்த நிலத்திலும் பறிக்காதீர்கள். சந்தேகமாக உள்ள இலையைத் தொடவே வேண்டாம். ஒன்றைப் போல் இன்னொன்று இருக்கும். தெரிந்த பெரியவரிடம் காட்டி, உறுதி செய்த பிறகே அடுப்பில் ஏற்றுங்கள். கர்ப்பிணிகளும், தொடர்ந்து மருந்து சாப்பிடுகிறவர்களும் டாக்டரைக் கேட்டுக்கொள்வது நல்லது.

இவ்வளவு தொல்லை எதற்கு என்று தோன்றுகிறதா? எளிய வழி இருக்கிறது. ஓர் உடைந்த பானை போதும். அதில் மண் நிரப்பி, தூதுவளைத் தண்டு ஒன்றை ஊன்றுங்கள். மாடியிலும் வளரும். இன்னொரு தொட்டியில் கரிசலாங்கண்ணி வையுங்கள். அதற்கு ஈரம் மட்டும் காயாமல் பார்த்துக்கொண்டால் போதும்.

வள்ளலார் பிறந்த அக்டோபர் 5-ம் நாளைத் தனிப்பெருங்கருணை நாள் என்று தமிழக அரசு 2021-ல் அறிவித்தது. அந்த நாளில் வீட்டுப் பாட்டியை அழைத்து உட்கார வைத்து, ஒரு கீரையின் பெயரையாவது பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கச் சொல்லுங்கள்.

அன்று அந்தக் கீரையைச் சமைக்கும்போது ஒரு பிடி அரிசி கூடப் போடுங்கள். பசியோடு வருகிறவர் யாராக இருந்தாலும், அவரைப் பின்வாசலுக்கு அனுப்பாமல் உள்ளே அழைத்துச் சோறு போடுங்கள்.

அன்று ஏழுகிணற்று வீட்டில் கண்ணீரோடு சோறு போட்ட அந்த அண்ணியார் விரும்பியதும் அதுதானே!